லயத்து ஆஸ்பத்திரிப் புத்தகமும் ஜெனிவா மாநாடும்



இந்தச் சுகாதாரப் பகுதியில் இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, டிங்கிக் காய்ச்சல் என்று எழுதி வருகிற டிரெசர், இந்த மாதம் உலக ஒப்பந்தங்களைப் பற்றி எழுதப் புறப்பட்டு விட்டாரே, இவருக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கலாம். ஜெனிவாவில் மாநாடு கூடியது, இத்தனை நாடுகள் கலந்து கொண்டன என்று டிவியில் செய்தி வந்தால் நம்மில் பாதிப் பேர் சேனலை மாற்றி விடுகிறோம். கோட்டு சூட்டுப் போட்டவர்கள் பேசுகிற பேச்சு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. இந்த நினைப்பு தவறு என்பதே என் வாதம். நம் உடம்பில் ஏறிய விஷத்துக்கும் அந்த மாநாட்டு மேசைக்கும் நேரான சம்பந்தம் உண்டு. அந்த மேசைக்குப் போக வேண்டிய காகிதங்களில் சில, தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

பராகுவாட் என்று சொன்னால் சிலருக்குப் புரியாமல் போகலாம். கிராமோக்சோன் என்று சொல்லிப் பாருங்கள். ஜெராம், அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் என்று சுங்கை செம்பிலாங்கைச் சுற்றி எங்கே போய்க் கேட்டாலும் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். நீலப் பச்சை நிறம், மூக்கைத் துளைக்கிற நாற்றம். 1962-ல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று விற்பனைக்குக் கொண்டு வந்த புல் மருந்து அது. அடித்தால் ஓரிரு நாளில் புல் கருகி விடும், மழை வந்தாலும் மருந்து வீணாகாது. அதனால் துரைமாருக்கும் பிடித்துப் போனது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில், மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் அழிக்கிற வேலை பெரும்பாலும் நம் பெண்கள் தலையில்தான் விழுந்தது. முதுகில் பம்பு, காலில் ஓட்டைச் சப்பாத்து, முகத்தில் கட்டிய பழைய துணி.

அந்த மருந்து உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கையில் பட்டுக்கொண்டே இருந்தால் நகம் வெளுத்து, வரி விழுந்து, கடைசியில் கழன்று விழும். சாரல் மூக்கில் ஏறினால் இரத்தம் வரும். கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகும். தோலில் புண் இருந்து அதன் வழியாக உள்ளே இறங்கினாலும் ஆபத்துதான். வாய் வழியாகப் போனால் ஒரு மடக்கே போதும். முதல் நாள் தொண்டையும் வாயும் வெந்து போகும். பிறகு ஆள் தேறி விட்டது போலக் கூடத் தெரியும், பேசுவார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். அதற்குள் மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்து விடும். அங்கே தசை தடித்து, மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வரும். இதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. வைத்தியம் படித்தவனுக்கு இதைவிடக் கஷ்டமான சேவை வேறு இல்லை.

என் அம்மாவும் மருந்து அடித்தவர்தான். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். இரண்டு கட்டை விரலிலும் நகம் ஒழுங்காக வளர்ந்ததே இல்லை. "சோப்புத் தூளுப்பா, ஒத்துக்கல" என்பார். அந்த நகத்தைப் பற்றி எந்த ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அம்மா சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கேட்காத வியாதி கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத வியாதி இந்த உலகத்தில் இல்லாத வியாதி.

இந்த இடத்தில்தான் பொது ஜனங்களின் வேலை ஆரம்பித்தது. 1982-ல் நம் பினாங்கில் பல நாட்டுச் சமூக ஊழியர்கள் கூடி, பூச்சி மருந்துகளின் கொடுமையை எதிர்க்க ஒரு சர்வதேச இயக்கத்தைத் தொடங்கினார்கள். பான் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ தொடங்கியதல்ல, நம் ஊரில் பிறந்த இயக்கம் என்பதை நினைவில் வையுங்கள். பணக்கார நாட்டில் விற்க முடியாத விஷத்தை ஏழை நாட்டுக்கு ஏற்றி அனுப்பினால், "இது இன்ன சாமான், எங்கள் நாட்டில் தடை, உனக்கு வேண்டுமா வேண்டாமா" என்றாவது கேட்டு விட்டு அனுப்பு என்பது அவர்கள் கேட்டவற்றில் முக்கியமான ஒன்று. நியாயமான கோரிக்கைதானே? பக்கத்து வீட்டுக்காரர் பழைய மெத்தையை உங்கள் வாசலில் இறக்குவதென்றாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா? அந்த ஒரு வார்த்தை சட்டமாக வர 16 வருஷம் பிடித்தது. 1998 செப்டம்பரில் ரோட்டர்டாம் நகரத்தில் ஒப்பந்தம் நிறைவேறியது, 2004-ல் அமலுக்கு வந்தது. மலேசியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு.

நம் நாட்டுக்குள் நடந்த கதை தனி. தெனகனித்தா அமைப்பை நடத்திய ஐரீன் பெர்னான்டஸ் அம்மையாரைப் பலருக்குத் தெரிந்திருக்கும், 2014-ல் காலமானார். அவருடைய அமைப்பும் பினாங்குப் பான் அமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைத் தேடிப் போய் விசாரித்து 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விஷம் கொடுத்து வாயையும் மூடி விட்டார்கள் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் பூச்சிக்கொல்லி வாரியம் பராகுவாட்டுக்கு இனிப் புதிய பதிவு கிடையாது, படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவித்தது. நம் பெண்கள் வாய் திறந்து சொன்னது அந்த அறிவிப்பில் எதிரொலித்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. 2006-ல் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. செம்பனைத் தொழிலுக்கு இது வேண்டும், இதைவிட மலிவான மருந்து இல்லை என்ற வாதம் மேலோங்கியது. பிறகு 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. 2002-க்கும் 2020-க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுங்கள். மருந்து அடித்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை, பள்ளிக்கூடம் முடித்து வேலை தேடுகிற வயசுக்கு வந்து விட்டது.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு ஆத்திரத்தை உண்டாக்குகிறது. சுவீடன் நாட்டில் இந்த மருந்துக்கு 1983-லேயே தடை. சுவிட்சர்லாந்தில் 1989-ல் தடை. ஐரோப்பிய யூனியன் முழுவதிலும் 2007-ல் நீதிமன்றத் தீர்ப்பால் அனுமதி போனது. அதற்குப் பிறகும் பல வருஷம் இங்கிலாந்திலுள்ள ஹடர்ஸ்ஃபீல்டு தொழிற்சாலையில் தயாரித்து மற்ற நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வயலில் அடிக்கக் கூடாதாம், நம் தங்கச்சி முதுகில் சுமக்கலாமாம்! ஒரு நாடு தன் எல்லைக்குள் சட்டம் போட்டு இதைச் சரி செய்ய முடியாது. விற்கிற நாடும் வாங்குகிற நாடும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் முடியும். ஒப்பந்தம் என்று ஒன்று தேவைப்படுவது இதற்காகத்தான்.

சரி, ரோட்டர்டாம் ஒப்பந்தத்தின் பட்டியலில் பராகுவாட் ஏறி விட்டதா? ஏறவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ என்ற ஏழை நாடு. அங்கே விவசாயிகளைக் கிராமம் கிராமமாகக் கேட்டு, மருந்தால் கெட்டவர்களின் விவரத்தை எழுதி, இதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார்கள். நிபுணர் குழு பரிசீலித்துச் சேர்க்கலாம் என்றது. 2013-ல் ஜெனிவா மாநாட்டில் குவாத்தமாலா ஆட்சேபித்தது, இந்தியாவும் கூடச் சேர்ந்து கொண்டது. விஷயம் நின்று போனது. ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் எல்லா நாடும் ஒருமனதாக ஒத்துக்கொண்டால்தான் ஒரு மருந்து பட்டியலில் ஏறும். ஒரே ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் போச்சு. 2025 மாநாட்டிலும் முடிவாகவில்லை. ஓட்டெடுத்து முக்கால்வாசி நாடுகள் சரி என்றால் சேர்க்கலாம் என்று விதியை மாற்றும் யோசனை 2023-ல் வந்தது, அதுவும் நிறைவேறவில்லை.

பட்டியலில் ஏறினால் உடனே தடை என்று நினைத்து விடாதீர்கள். அதன் அர்த்தம், இந்தச் சாமான் அபாயமானது என்று தகவல் கொடுத்து, இறக்குமதி செய்யும் நாட்டின் சம்மதத்தைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பதுதான். இந்த அளவு மரியாதைக்கே இத்தனை தடை!

இதைச் சொன்னால் சிலர், "அப்ப இந்த ஒப்பந்தமெல்லாம் வெறும் பேச்சுத்தானே டிரெசர்?" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே 2025 மாநாட்டில் பென்தியான் என்ற மருந்தின் ஒரு வகை பட்டியலில் ஏறியது. பயிரைத் தின்னும் பறவைகளைக் கொல்ல அடிக்கிற மருந்து அது. கேட்டது சாட் என்ற இன்னொரு ஏழை ஆப்பிரிக்க நாடு. 2015-ல் முதலில் மாநாட்டுக்கு வந்து, தடைபட்டுத் தடைபட்டுப் பத்து வருஷம் கழித்து ஏறியது. விடாமல் கேட்டதால் கிடைத்தது.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். சாட் நாடும் புர்கினா பாசோவும் எதை வைத்துக் கேட்டன? பெரிய விஞ்ஞானக் கூடம் அவர்களிடம் இல்லை. அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு வழி இருக்கிறது. வளரும் நாடு எதுவானாலும், தன் மண்ணில் ஒரு மருந்து அதை அடிக்கிறவர்களைக் கெடுக்கிறது என்று சம்பவ விவரங்களோடு விண்ணப்பிக்கலாம். அந்த விவரம் என்னென்ன தெரியுமா? மருந்தின் பெயர், டப்பாவில் போட்ட வியாபாரப் பெயர், எவ்வளவு கெட்டி, எப்படிக் கலந்தார்கள், எதால் அடித்தார்கள், அடித்தவருக்கு என்ன ஆனது. இவ்வளவுதான். இதில் ஒன்றுகூட டாக்டர் பட்டம் வாங்கியவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. உங்களைப் பார்த்து, கேட்டு, ஒரு டிரெசர் எழுதிவிடலாம்.

கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு என்ற மாவட்டம். அங்கே அரசாங்கத்தின் முந்திரித் தோட்டங்களுக்கு இருபது வருஷத்துக்கும் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் மருந்து தெளித்தார்கள். பத்ரே என்ற கிராமத்தில் வைத்தியம் பார்த்து வந்த டாக்டர் மோகன் குமார் என்பவர், தன்னிடம் வருகிற குடும்பங்களில் விசித்திரமான நோய்களும் ஊனமாகப் பிறக்கிற பிள்ளைகளும் ஏன் இத்தனை என்று கவனித்து எழுத ஆரம்பித்தார். விவசாய இலாகாவில் சாதாரண உத்தியோகத்தில் இருந்த லீலாகுமாரி அம்மா என்ற பெண்மணி நீதிமன்றத்துக்குப் போனார். ஊர் ஜனங்கள் சேர்ந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. தெளிப்பு நின்றது. ஆனால் மருந்து வேறு ஊர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2011 ஏப்ரலில் ஜெனிவாவில் ஸ்டாக்ஹோம் ஒப்பந்த மாநாடு கூடியபோது இந்திய அரசாங்கம் எதிர்ப்பு நிலையில் இருந்தது. அந்த வாரம் கேரள முதலமைச்சர் அச்சுதானந்தன் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில் இந்தியாவும் சில விலக்குகளோடு ஒத்துக்கொண்டது. உலகம் முழுக்க எண்டோசல்பானை நிறுத்துவதென்று முடிவாயிற்று. அடுத்த மாதமே இந்திய உச்ச நீதிமன்றமும் தடை போட்டது. எது எந்த மருந்தால் வந்தது என்று நிபுணர்கள் நடுவே வாதம் நடந்தது உண்மைதான். ஆனாலும் 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. கிராமத்து வைத்தியர் ஒருவர் கவனித்து எழுதியதில் ஆரம்பித்த விஷயம், ஜெனிவாவரை போய் வந்தது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமே பராகுவாட்டை 'நடுத்தர அபாயம்' என்றுதானே வகைப்படுத்தியிருக்கிறது என்பார்கள். உண்மை, அது எலிக்குக் கொடுத்துப் போட்ட கணக்கை முக்கியமாக வைத்தது. எலிக்கு மாற்று மருந்து தேடி யாரும் என் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. மருந்து அடிக்கிறவர்கள் கையுறை போடாததுதான் தப்பு என்பார்கள். நம் ஊர் வெயிலில், காலை பத்து மணிக்கு மேல் ரப்பர் உடுப்பும் கையுறையும் முகமூடியும் போட்டு இரண்டு மணி நேரம் பம்பு சுமந்து பார்த்து விட்டு அவர்கள் பேசட்டும். ஆத்திரத்தில் குடிக்கிறவன் எதையாவது குடிக்கத்தான் செய்வான், மருந்தைத் தடுத்து என்ன பயன் என்றும் கேட்பார்கள். இலங்கையைப் பாருங்கள். கடும் விஷ மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்தார்கள், பராகுவாட்டை 2008-லிருந்து 2011-க்குள் படிப்படியாக எடுத்து விட்டார்கள். 1995 வாக்கில் உச்சத்தில் இருந்த தற்கொலை, பிறகு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. மனிதனுக்கு அந்த ஒரு கெட்ட மணி நேரம் கடந்து போனால் பிழைத்துக்கொள்வான். லயத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன டப்பா இருக்கிறது என்பது சில சமயம் உயிரா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது.

செலவு கூடும் என்பது ஒன்றுதான் கொஞ்சம் கனமான வாதம். தடை வந்து வருஷங்கள் ஆச்சு, செம்பனை இன்னும் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பதிலுக்கு வந்த மருந்துகளும் பால் அல்ல, தண்ணீர் அல்ல. அவற்றையும் இப்போதிருந்தே கவனித்து எழுதி வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். இல்லாவிட்டால் இன்னொரு பதினெட்டு வருஷம்.

சங்கத்துத் தோழர்களுக்கு இதெல்லாம் புதிய பாடமல்ல. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தை வழிநடத்திய பி.பி. நாராயணன், சுதந்திரத் தொழிற்சங்கங்களின் சர்வதேச சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தவர். நம் கூலிப் பிரச்சினையை உலக மேடையில் பேசியவர். தொழிலாளர் ஒப்பந்தம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சர்வதேச தொழில் நிறுவனத்தின் 155-வது ஒப்பந்தம் 1981-ல் வந்தது. வேலை செய்யுமிடத்தில் உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்தால் தொழிலாளி அங்கிருந்து விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. மலேசியா அதை 2024-ல் ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த உரிமை இருக்கிறது. மண்டோர் என்ன சொன்னாலும், ஒழுகுகிற பம்பைத் தோளில் மாட்ட மறுக்கிறபோது உங்கள் பின்னால் இந்தச் சட்டம் நிற்கிறது. அதை எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். முதலில், மருந்து அடித்த அன்று தலை சுற்றல், வாந்தி, மூக்கில் இரத்தம், கண் எரிச்சல், தோல் புண், நகக் கோளாறு என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வந்து, "காய்ச்சல் மாத்திரை குடுங்க" என்று மட்டும் கேட்டுப் போகாதீர்கள். மருந்து அடித்தேன் என்று சொல்லுங்கள், அதை எழுதச் சொல்லுங்கள். எழுதினாரா என்று பாருங்கள், நானாக இருந்தாலும் சரி. வேலையால் விஷம் ஏறியது என்று தெரிந்தால் முதலாளியும் டாக்டரும் 7 நாளுக்குள் தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2004-ம் வருஷச் சட்ட விதி. இன்னொரு நகலைச் சங்கக் கிளைச் செயலாளர் வாங்கி வைக்கட்டும். கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: அடுத்த ரோட்டர்டாம் மாநாட்டில் பராகுவாட்டைச் சேர்க்க மலேசியப் பிரதிநிதி வாய் திறந்து பேச வேண்டும், ஒரு நாடு மறுத்தால் எல்லாம் நிற்கிற விதியை மாற்ற ஆதரவு கொடுக்க வேண்டும். நம் நாட்டில் தடை செய்து விட்டோம், ஆகவே கூச்சப்படாமல் பேசுகிற தகுதி நமக்கு இருக்கிறது. தீர்மானத்தை வேளாண் இலாகாவின் பூச்சிக்கொல்லி வாரியத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஒரு கிளை அனுப்பினால் பைலில் போடுவார்கள். ஐம்பது கிளை அனுப்பினால் படிப்பார்கள்.

இன்னொன்று. இன்று பல தோட்டங்களில் பம்பு சுமப்பது நம் பிள்ளைகள் அல்ல. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். பெர்மிட் போய் விடுமோ என்ற பயத்தில் அவர்கள் எதையும் சொல்வதில்லை. சொன்னாலும் பாஷை புரிவதில்லை. 2019-லிருந்து சட்டப்படி வேலை செய்கிற வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோவில் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு, அவர்களில் பலருக்கு இது தெரியாது. உங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தம்பியின் கை புண்ணாக இருந்தால் கையோடு அழைத்து வாருங்கள். மலாயில் நாலு வார்த்தை பேசினால் போதும், மற்றதை நான் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது மருந்து டப்பாவின் லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்து வாருங்கள். டப்பாவை வீட்டுக்குள் கொண்டு வர வேண்டாம், கழுவி விட்டுத் தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம்.